துயருற்றோர்க்கு முதல் மருந்து யாது?



சென்ற பௌர்ணமிக் கூட்டத்தில், பஞ்சசீலம் ஏற்று ஆறு திங்களே ஆன ஓர் இளம் உபாசகர் எழுந்து ஒரு வினா விடுத்தார். "ஒவ்வொருவரும் தம்மையே புகலாகக் கொள்ளல் வேண்டும் என்பதன்றோ நம் நெறி? அங்ஙனமிருக்க, மனம் நொந்தவர் மனநல வைத்தியரிடமும் ஆலோசகரிடமும் சென்று அமர்வது, தம்மத்தில் நம்பிக்கைக் குறைவு ஆகாதா?" கூட்டத்தில் பலர் தலையசைத்தனர். நேரமாகிவிட்டபடியால் நான் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி முடித்தேன். அந்த விடை எனக்கே போதவில்லை. நான் செய்த ஒரு பிழையைச் சொல்லாமல் அதற்கு விடை கூறுதல் இயலாது என்பதும் வீடு திரும்பும் வழியில் விளங்கிற்று.

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றுக்கு அப்பால் இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயங்களை மூடியதை நம்மில் மறந்தார் இலர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனமையால் செய்தி மறுநாள் காலையிலேதான் வெளியுலகை எட்டியது. 70 பேர் மாண்டனர். 66 உடல்கள் கிடைத்தன, நால்வர் கிடைக்கவேயில்லை. மாண்டவர் பெரும்பாலும் தமிழர். பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. அவ்விடத்தில் ஒரு வளர்ப்பு நாய் தன் வீட்டுக் குழந்தையின் உடலைத் தேடிக் கண்டுபிடித்ததும், அதன் சோகத்துக்கு இரங்கிப் போலீசார் அதனைத் தம் பராமரிப்பில் எடுத்துக்கொண்டதும் பத்திரிகைகளில் வந்தன. அந்த நாயின் துயரை நாடே அறிந்தது. உயிரோடு எஞ்சிய மனிதரின் துயரை நம்மில் எத்தனை பேர் உட்கார்ந்து கேட்டோம்?

நான் கேட்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில், வேறொரு தோட்டத்து லயத்தில் ஒரு பெண் குழந்தையைக் கண்டேன். பத்தாம் வகுப்பு மாணவி. பெட்டிமுடியில் சித்தியின் குடும்பத்தை அடியோடு இழந்தவள். உண்பதில்லை, உறங்குவதில்லை, மழை ஓசை கேட்டால் கதவைத் திறந்து வெளியே ஓடுகிறாள் என்று தாய் அழுதார். நான் திண்ணையில் அமர்ந்து அநித்தியத்தை விளக்கினேன். தோன்றியன யாவும் மறையும் என்பதை அரைமணி நேரம் உபதேசித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, எல்லாம் சொன்னீங்க. என் தங்கச்சி பேரு என்னன்னு நீங்க கேக்கவே இல்லியே" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யன்று. ஆயினும் அது அவளுக்கு மருந்தாகவில்லை. ஏன்?

படாசாரையின் வரலாற்றை நாம் ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். ஆனால் அதன் வரிசைமுறையைக் கவனித்தோமில்லை. கணவன் பாம்பு தீண்டி இறந்தான். பச்சிளங் குழந்தையைப் பருந்து தூக்கிற்று. மூத்தவனை ஆறு கொண்டது. சாவத்தியை நெருங்குகையில், இரவு பெய்த மழையில் வீடு இடிந்து தாய், தந்தை, சகோதரன் மூவரும் மாண்ட செய்தி கிடைத்தது. ஆடை நழுவியதும் அறியாமல் பித்தேறித் திரிந்தாள். ஊரார் குப்பையை வீசினர். ஜேதவனத்துள் அவளை விடாதீர் என்று அடியவர் தடுத்தனர். பகவனோ வரவிடச் சொன்னார். முதலில் நினைவு திரும்பும்படி பரிவோடு ஒரு சொல். அடுத்து, அருகிருந்த ஒருவர் தம் மேலாடையை எறிய, அதனை உடுத்தினாள். பிறகு தனக்கு நேர்ந்ததை எல்லாம் அவளே வாய்விட்டுச் சொன்னாள். அதன் பின்னரே தம்மோபதேசம். நானோ முதல் மூன்றையும் விட்டு நான்காவதில் தொடங்கினேன்.

இன்று மனநலச் சிகிச்சை என வழங்குவது பெரும்பாலும் அந்த முதல் மூன்றையும் முறையாகச் செய்யக் கற்ற தொழிலே ஆகும். வாரம் ஒருமுறை ஏறக்குறைய முக்கால் மணி நேரம் அமர்வு. சொன்னது வெளியே போகாது என்னும் உறுதி. பழிப்பதும் இல்லை, அவசரப்படுத்துவதும் இல்லை. 'நான் அன்றிரவு அவர்களை அழைத்து வைத்திருந்தால் பிழைத்திருப்பார்களே' என்று ஒருவர் தம்மைத் தாமே குத்திக்கொண்டிருந்தால், அந்த எண்ணம் உண்மைதானா என்று அவரையே ஆராயச் செய்தல் இம்முறைகளுள் ஒன்று. உடலில் தைத்த அம்போடு மனத்தில் இரண்டாவது அம்பையும் ஏற்றுக்கொள்ளும் மனிதனைப் பற்றிப் பகவன் கூறிய உவமை நினைவுக்கு வருகிறதல்லவா? 1979இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் என்பார் மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய பயிற்சி, நம் சதிபட்டானத்திலிருந்தே பெற்றது. நம் வீட்டுப் பொருள் கடல் கடந்து திரும்பி வந்தால் அதை அந்நியம் என்று ஒதுக்குவது நகைப்புக்கிடம்.

நிற்க. பெட்டிமுடிக்குப் பின் இன்னொரு பேச்சும் என் காதில் விழுந்தது: "முற்பிறவி வினை." இதைச் சொன்னவருள் நம்மவரும் இருந்தமை எனக்கு வெட்கம். நம்மைச் சேரியில் வைத்ததற்கும் இதே காரணத்தைத்தானே சொன்னார்கள்? சீவகன் என்னும் பரிவ்ராஜகர், மனிதன் துய்ப்பதெல்லாம் முன்வினைப் பயனா என்று கேட்டபொழுது, பகவன் அதனை மறுத்தார். பித்தம், சிலேத்துமம், வாதம் ஆகியவற்றோடு பருவ மாற்றத்தையும் தனிக் காரணமாக எண்ணினார். பெருமழையும் செங்குத்தான மலையும் அதனடியில் வீடுகளும் கண்முன் இருக்க, புதைந்த குழந்தையின் முற்பிறவியைத் தேடுவது கொடுமை.

குழந்தைக்குத் துயரைச் சொல்ல மொழி போதாது. ஆகையால் பொம்மையும் களிமண்ணும் படமும் கொண்டு விளையாட விட்டு அதன் மனத்தை அறிகின்றனர். கரிய மலையொன்றை மீண்டும் மீண்டும் வரையும் பிள்ளையை "வேறு படம் போடு" என்று அதட்டாதீர்கள், அது பேசிக்கொண்டிருக்கிறது. வளரிளம் பருவத்தாருக்கு இரகசியம் காக்கப்படும் என்னும் நம்பிக்கையே பாதி மருந்து. முதியோர் சங்கதி வேறு. நம் ஆடவர் துயரைக் குடியில் கரைக்கின்றனர். ஐந்தாம் சீலத்தை எடுத்துக்காட்டி நாம் கண்டிக்கிறோம். அவர் வெட்கி மேலும் குடிக்கின்றார்.

குடும்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நான் நூற்பாலையில் நின்ற நாள்களில், ஒரே கதிரில் இழை அடிக்கடி அறுந்தால் புதியவன் இழையைத் திட்டுவான்; பழகியவன் உருளையையும் காற்றின் ஈரத்தையும் பார்ப்பான். பத்து வயதுப் பையன் படுக்கையை நனைக்கிறான் என்று அடிக்கும் வீட்டில், இரவெல்லாம் தாயும் தந்தையும் சண்டையிடுவதை யாரும் நோயாகக் கருதுவதில்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளியின் குடும்பத்தாரையும் வளாகத்தில் கூடாரம் அடித்துத் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்குகொள்ளச் செய்தார். நோயுற்றவரைத் தனியே அடைத்துப் பூட்டிய காலம் அது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் உறவினர் உடன் தங்கும் முறையையே கைக்கொண்டது.

இனி நம் எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு சங்கடம். 1956 அக்டோபர் 14இல் பாபாசாகேப் நாகபுரியில் தம்மம் ஏற்றார். அடுத்த மாதம் முதல் தேதி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும், வடக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளும் கேரளத்தில் அமைந்தன. அதைப் பற்றி இங்கே வழக்காடவில்லை. நாம் மலையாளம் அறிவோம். சந்தையிலும் அலுவலகத்திலும் பேசுகிறோம். ஆயினும் அழுகை தாய்மொழியில்தான் வருகிறது. கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் நடைபெறுகிறது. பள்ளிகளிலும் ஆலோசகர் உளர். அவருள் தமிழ் அறிந்தவர் நம் லயங்களுக்கும் வாளையாறு, வேலந்தாவளம் பகுதிகளுக்கும் வரவேண்டும் எனக் கேட்பது பிச்சையன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயுற்றவருக்குப் புரியும் மொழியில் விவரம் சொல்லப்படவேண்டும் என்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்னும் இலவசத் தொலைபேசிச் சேவையில் தமிழிலும் பேசலாம். கூட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரும் இந்த எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வைப்பாராக.

இளம் உபாசகருக்கு இப்போது சொல்கிறேன். தம்பி, தம்மையே புகலாகக் கொள்ளச் சொன்ன பகவன்தான், வயிற்றுப்போக்கால் கிடந்த பிக்குவைத் தாமே நீராட்டினார். தமக்குப் பணிவிடை செய்ய விழைபவர் நோயுற்றவருக்குச் செய்க என்றார். கால் முறிந்தவன் ஊன்றுகோல் பிடித்து நடப்பதை, தன் காலில் நம்பிக்கையற்றவன் என்று யாரும் சொல்வதில்லை. கடும் மனநோய்க்கு மாத்திரையும் வேண்டியிருக்கும். அதையும் நம் தியானம் கொண்டு நிறுத்திவிடலாம் என்று எவரும் துணியவேண்டா.

அந்தப் பெண்ணை அண்மையில் மறுபடி கண்டேன். பள்ளியில் ஆலோசகர் மலையாளத்தில் கேட்டபோது எல்லாம் புரிந்தும் வாய் வரவில்லையாம். பின்னர்த் தாய் அவளைப் போடிமெட்டு இறங்கித் தேனியில் ஒரு தமிழ் ஆலோசகரிடம் பல மாதங்கள் அழைத்துச் சென்றிருக்கிறார். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாள் கூலி போயிற்று. இப்போது அவள் மழையில் ஓடுவதில்லை. இம்முறை நான் உபதேசம் எதுவும் எடுத்துச் செல்லவில்லை. தங்கையின் பெயரைக் கேட்டேன். சொன்னாள், அவளுக்குப் பிடித்த பலகாரம், பாடத் தெரிந்த பாட்டு, ஒரு முறை பொய் சொல்லி அடி வாங்கியது எல்லாம் சொன்னாள். நடுவே சிரித்தாள். தேநீர் ஆறிப்போயிற்று, தாய் மறுபடி போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.