பழியைத் தோளில் ஏற்றவர்

பிரிட்டனில் அடைக்கலம் கேட்டு விண்ணப்பித்த ஏறத்தாழ 19,000 ஆப்கானியரின் விவரங்கள், 2022 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து ஒரு மின்னஞ்சலோடு வெளியே போய்விட்டன. தாலிபான்களுக்குக் கிடைத்தால் அத்தனை பேர் உயிருக்கும் உலை வைக்கும் பட்டியல் அது. நீதிமன்றத் தடையாணையின் மறைவில் கிடந்த இச்செய்தி 2025 ஜூலையில்தான் மக்களுக்குத் தெரிந்தது. அரசு மன்னிப்புக் கேட்டது. இதற்காகப் பதவி துறந்த அமைச்சர் எவருமில்லை. எங்கோ ஓர் அலுவலர் செய்த பிழைக்கு அமைச்சர் ஏன் விலக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. விலகத்தான் வேண்டும். அதே நாட்டில் ஒருவர் விலகிக் காட்டியிருக்கிறார்.

அவர் கேரிங்டன் பிரபு. கிரனேடியர் கார்ட்ஸ் படைப்பிரிவின் அதிகாரி. 1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் நைமேகன் பாலத்துக்காக நடந்த சண்டையில் டாங்கியோடு முன்னேறியவர். மிலிட்டரி கிராஸ் விருது பெற்றவர். 1979இல் தாட்சர் அரசின் வெளியுறவு அமைச்சரானார். ஜிம்பாப்வே விடுதலைக்கு வழிதிறந்த லங்காஸ்டர் ஹவுஸ் மாநாட்டைத் தலைமையேற்று நடத்தினார். 1982 ஏப்ரல் 2இல் பிரிட்டனின் ஆட்சியிலிருந்த ஃபாக்லாந்து தீவுகளில் அர்ஜென்டினா படையிறக்கியது. அதற்குப் பொறுப்பேற்று ஏப்ரல் 5இல் அவர் விலகினார். தாட்சர் தடுத்தும் கேட்கவில்லை.

நம் முன்னோர் இந்த அறத்தை நன்கறிந்தவர்கள். சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன், வாளை ஓங்கியவன் காவலன். ஆனாலும் நீதி தவறியது தன் ஆட்சியில் என்றுணர்ந்த கணமே பாண்டியன் உயிர்விட்டான். கன்றின் மேல் தேரை ஏற்றியவன் மகன். மனுநீதிச் சோழனோ அந்தப் பாவத்தைத் தன் அரசின் பாவமாகவே கண்டான். போரில் முதுகில் புண்பட்ட நாணத்தால் சேர மன்னன் சேரலாதன் வடக்கிருந்தான். வள்ளுவர் மானம் என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்கவில்லை, பொருட்பாலில் வைத்தார். பொதுவாழ்வில் இருப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். துறை வென்றால் மாலை அமைச்சர் கழுத்துக்கு. தவறினால் தண்டனை எழுத்தருக்கு மட்டுமா?

போர் வாசலில் நிற்கும்போது அனுபவசாலியை இழப்பது நாட்டுக்கு நட்டம் என்பதும் உண்மையே. ஆனால் அந்த நட்டம் ஈடுகட்டக்கூடியது. கேரிங்டன் இல்லாமலே ஜூன் 14இல் தீவுகள் மீட்கப்பட்டன. ஆள்வோர் மீது மக்கள் வைத்த நம்பிக்கை போனால் எதைக் கொண்டு ஈடுகட்டுவது?

படையெடுப்புக்கு அரசைக் குறைகூற முடியாது என்று அதை விசாரித்த ஃபிராங்க்ஸ் குழு 1983 ஜனவரியில் அறிக்கை தந்தது. அதுவரை பதவியில் ஒட்டிக்கொண்டிருக்க கேரிங்டனால் முடிந்திருக்கும். அவர் அதை விரும்பவில்லை. பின்னர் நேட்டோவின் பொதுச்செயலாளர் ஆனார். பிரிட்டனில் மீண்டும் அமைச்சராகவே இல்லை. ஆப்கானியர் பட்டியல் கசிந்தது தெரிந்தபோது அத்துறையின் பொறுப்பில் இருந்தவர்களும் அன்றே விலகியிருக்க வேண்டும்.