அடைக்கலப் பொருளும் மௌனமும்

சட்டம் மோசடி என்று கூறாது விட்டுவிடும் ஒரு செயலை அறமும் விட்டுவிடுமா? வணிகத்திலும் வழக்குரைஞர் தொழிலிலும் ஈடுபட்டுள்ள நம் இல்லறத்தார் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

எங்கள் நீலகிரியில், குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடைபெற்று வருகிறது. முன்னதாக அனுப்பப்பெறும் மாதிரித் தூளைச் சுவைத்தே வணிகர் விலை கூறுகின்றனர். மாதிரியும் மூட்டையும் ஒன்றே என்னும் நம்பிக்கையே அங்கு முதல். வங்கியில் பணம் இடுவோர்க்கோ மாதிரியும் இல்லை. நிறுவனத்தின் பெயர் ஒன்றே சான்று.

அத்தகைய பெரும்பெயர் ஒன்று 1906 அக்டோபர் 22 அன்று சென்னையில் பொய்த்தது. ஆர்பத்நாட் கம்பெனி திவாலாயிற்று. பலர் வாழ்நாள் சேமிப்பை இழந்தனர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் மோசடிக் குற்றத்திற்காகப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். பணம் இட்டோர்க்காக முன்னின்று போராடியவர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். அவர் சீமை சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்றவரல்லர். சென்னையிலேயே சட்டம் பயின்றவர்.

வணிக மோசடியை மெய்ப்பிப்பது எளிதன்று. தொழில் நொடித்தது என்பது வேறு; வேண்டுமென்றே ஏமாற்றினார் என்பது வேறு. ஆதலால், மோசடி என்று குற்றம் சாட்டுவோர் அதன் விவரங்களை மனுவிலேயே எடுத்துரைக்க வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் விதிக்கிறது. சான்றின்றிப் பிறர்மேல் பழி சுமத்துவதும் வாக்கினால் செய்யும் இம்சையே என அறிந்த நமக்கு இவ்விதி உவப்பானதே.

ஆனால், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் மற்றொன்றும் கூறுகிறது. உண்மையை முனைந்து மறைப்பது மோசடி. சொல்லும் கடமை இல்லாதவிடத்து வெறுமனே பேசாதிருப்பது மோசடியன்று. இங்குதான் நம் முன்னோர் ஒரு படி மேலே செல்கின்றனர்.

தத்துவார்த்த சூத்திரம் வாய்மை அணுவிரதத்திற்கு நேரும் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. பொய்ப் பத்திரம் எழுதுதல் அவற்றுள் ஒன்று, நியாசாபகாரம் மற்றொன்று. அடைக்கலமாகப் பொருளை வைத்தவர், வைத்த அளவை மறந்து குறைத்துக் கேட்கிறார். பெற்றவரோ, “ஆம், அவ்வளவே” என்று இசைந்து எஞ்சியதை வைத்துக்கொள்கிறார். இதுவே நியாசாபகாரம். இதனைக் கள்ளாமையின் கீழ் வையாது வாய்மையின் கீழ் வைத்தமை நோக்கத்தக்கது. பொருள் கைமாறுவதற்கு முன்பே பொய் நிகழ்ந்துவிட்டது. பிறர் அறியாமையைத் தன் ஊதியமாக்கும் மௌனமும் பொய்யே என்பது இதிலிருந்து பெறப்படும்.

வழக்குரைஞரிடம், “இதனைச் சொல்லாதிருக்கலாமா?” என்று வினவினால், “சட்டப்படி இருக்கலாம்” என்று அவர் விடை கூறக்கூடும். அவ்விடையில் பிழையில்லை, ஆனால் அது முழு விடையன்று. எஞ்சிய பாதியை வினவியவரே தம் நெஞ்சிடம் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

கிருஷ்ணசாமி ஐயர் வழக்கோடு நின்றுவிடவில்லை. நகரத்தார் முதலானோரின் துணையுடன் இந்தியன் வங்கியை நிறுவ முன்னின்றார். 1907 ஆகஸ்டு 15 அன்று அது பணியைத் தொடங்கியது. நீதிமன்றம் தண்டனை விதிக்கலாம்; சிதைந்த நம்பிக்கையை மீண்டும் நிறுவ அதனால் இயலாது. அது, கேளாதபோதும் உண்மையைக் கூறும் மனிதரால் மட்டுமே நிகழ்வது. நம் கல்லாப்பெட்டியின் அருகிலும் அத்தகையோர் அமர்ந்திருத்தல் வேண்டும்.