பனிக்கு அடியில் ஆமை

கனடாவின் தென்பகுதியிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் குளிர்காலம் இறங்கும்போது குளங்கள் மேலிருந்து உறையத் தொடங்குகின்றன. அதற்குள் வண்ண ஆமை அடியில் போய் அமர்ந்துவிட்டிருக்கும். கழுத்தில் மஞ்சள் கோடுகள், ஓட்டின் விளிம்பில் சிவப்புத் தீற்றல்கள், உள்ளங்கையை நிறைக்கும் உருவம். நுரையீரலால் மூச்சு விடும் உயிர் அது. பனி உருகும்வரை அதற்கு மேலே வர வழியில்லை.

கொஞ்ச காலமாக இந்த ஆமையின் உள்ளுறுப்புகளைப் பற்றிப் படித்துவருகிறேன். படித்ததில் மனத்தில் நின்றவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

*

தண்ணீர் குளிர ஆரம்பித்ததுமே ஆமை தின்பதை நிறுத்திவிடுகிறது. குளிரில் செரிமானம் நடக்காது. உள்ளே தங்கிய உணவு அங்கேயே கெட்டுவிடும். ஆகவே வெறும் குடலோடுதான் அது குளிர்காலத்துக்குள் போகிறது. கோடையில் தின்றது கிளைக்கோஜன் என்ற சர்க்கரைத் தொகுப்பாகக் கல்லீரலில் சேர்ந்திருக்கிறது. இனி அந்தச் சேமிப்பில்தான் வாழ்க்கை.

சிறுநீரகம் தன் வேலையை வெகுவாகக் குறைத்துக்கொள்கிறது.

*

இதயத்தின் கணக்கை நம்பச் சிரமப்பட்டேன். வண்ண ஆமையின் உறவான சிவப்புக் காது ஆமையை 5 டிகிரி செல்சியஸ் குளிரில், ஆக்சிஜன் இல்லாமல் சுமார் மூன்று வாரம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டரை நிமிடத்துக்கு ஒரு துடிப்பு. கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு அந்த இடைவெளியைக் காத்திருந்து பாருங்கள். அதற்குள் நம் நெஞ்சு சுமார் 180 முறை அடித்து முடித்திருக்கும். அந்த ஆமைக்கோ அடுத்த துடிப்பு அப்போதுதான் வருகிறது.

*

மூளைதான் எனக்கு மிகவும் அச்சம் தந்த இடம். ஆக்சிஜன் நின்றால் சில நிமிடங்களில் மனித மூளையின் செல்கள் சாகத் தொடங்கும். ஆமையின் மூளை, நரம்பு செல்களின் வாயில்களை ஒவ்வொன்றாகச் சாத்திச் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருள் அங்கே பெருகுகிறது.

அதற்காக அதை மயக்கம் என்று எழுதிவிட முடியாது. இந்த நிலையில் இருந்த ஆமைகளுக்கு விளக்கைக் காட்டினார்கள், அசைந்தன. தண்ணீரைச் சூடாக்கினார்கள், அசைந்தன. அதிர்வுக்கும், புதிதாகச் செலுத்திய ஆக்சிஜனுக்கும் அசையவில்லை. பனி உருகும் காலத்தை அறிவிப்பவை ஒளியும் வெப்பமும்தான். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த இரண்டுக்கு மட்டும் ஒரு கதவை ஒருக்களித்து வைத்திருக்கிறது அந்த உயிர்.

*

இனி ஓடு. இதை எழுதத்தான் இந்த ஏட்டைத் திறந்தேன்.

பிரவுன் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஜாக்சன் தம் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியை ஆமைகளுக்குக் கொடுத்தவர். அவரும் கார்டன் அல்ட்ஷும் 1982இல் வெளியிட்ட ஆய்வில், 3 டிகிரி குளிரில், ஆக்சிஜன் அநேகமாக இல்லாத நீரில், வண்ண ஆமைகள் மூன்று மாதத்துக்கும் மேல் உயிரோடிருந்தன. ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை உடைத்தால் கிடைக்கும் ஆற்றல் சொற்பம். மிஞ்சுவது லாக்டிக் அமிலம், தயிரைப் புளிக்கவைக்கும் அதே அமிலம். குளிர்காலம் நீள நீள இரத்தத்தில் அது ஏறிக்கொண்டே போய், வழக்கமான அளவைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கைத் தொடுகிறது. நம் உடம்பு அந்த அளவைத் தாங்காது.

ஆமையைக் காப்பாற்றுவது ஓடு. உடல் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அந்த எலும்பு ஓடுதான். அது கால்சியம், மக்னீசியம் கார்பனேட்டுகளைத் தன்னிலிருந்து கரைத்து இரத்தத்துக்குக் கொடுத்து அமிலத்தை முறிக்கிறது. அதனால் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு தோல் வழியே நீருக்குள் போய்விடுகிறது. அது மட்டுமா? அமிலத்தின் மிச்சமான லாக்டேட்டை ஓடு தனக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொள்கிறது. நீண்ட காலம் மூச்சில்லாமல் கிடந்த ஆமையின் உடலில் உள்ள லாக்டேட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவானது ஓட்டிலும் எலும்புகளிலும் இருப்பதாக ஜாக்சனின் குழு கண்டது.

எதிரியின் பல்லுக்கு எதிரான கவசம் என்றே நாம் ஓட்டைப் பற்றிப் படித்திருக்கிறோம். இதயமும் மூளையும் கல்லீரலும் அடங்கிக் கிடக்கும் மாதங்களில் அவற்றுக்காகக் கரைந்துகொண்டிருப்பது அந்தக் கவசம்தான். இதை அறிந்த அன்று வெகுநேரம் வேறெதையும் படிக்க முடியவில்லை எனக்கு.

அதே வட அமெரிக்காவில் மென் ஓட்டு ஆமைகளும் குளங்களின் அடியில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அவற்றின் ஓட்டில் கனிமம் குறைவு. ஆக்சிஜன் உள்ள நீரென்றால் தோல் வழியே அதை உறிஞ்சிக்கொண்டு தாக்குப்பிடித்துவிடும். ஆக்சிஜன் தீர்ந்துபோன நீரில் சுமார் இரண்டு வாரந்தான்.

*

பனி உருகியதும் வண்ண ஆமை மேலே வருகிறது. நீரில் கிடக்கும் மரக்கட்டையில் ஏறி வெயில் காய்கிறது. உடல் சூடேற, ஓட்டில் அடைந்திருந்த லாக்டேட் மெல்ல இரத்தத்துக்குத் திரும்புகிறது. அதிலிருந்து மறுபடி கிளைக்கோஜன் உருவாகிறது. ஓட்டுக்கு அதன் கனிமங்கள் திரும்பிச் சேர்கின்றன.

பள்ளியில் ஆமையின் படத்தை வரைந்து உறுப்புகளைக் குறிக்கச் சொல்லும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கல்லீரல், இதயம், நுரையீரல் என்று எழுதும் அந்த வரிசையில் ஓட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.