கரையும் ஈடும்: கற்பிட்டி விடுதித் திட்டம் குறித்து ஓர் அறவியல் நோக்கு

ஒரு முயற்சியாற் பலர் அடையும் நன்மை, அதனாற் சிலர் அடையும் தீமையினும் மிகுமாயின் அம்முயற்சி அறத்தொடு பொருந்துமா? மெய்யியல் வகுப்பில் இவ்வினா பெந்தாம், மில் என்போர் பெயரொடு எழுவது வழக்கம். புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் இதே வினா ஓர் உல்லாசப் பயண விடுதியின் வரைபடத்தொடு எழுந்துள்ளது. அவ்விடத்தை வைத்தே அதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

கற்பிட்டி பழம்புகழ் வாய்ந்த துறை. ஒல்லாந்தர் 1667 இல் தொடங்கி 1676 இல் முடித்த கோட்டை அங்கே இன்றும் நிலைத்துள்ளது. 'தமிழ் புளூராக்' என்னும் நூலால் (1859) தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிவைத்த சைமன் காசிச்செட்டி 1807 இல் பிறந்ததும் இவ்வூரிலேயே. கொழும்புத் துறைமுகம் ஓங்கியபின், நீர்வழி வாணிகத்தின் இடத்தை வீதியும் புகையிரதமும் பற்றிக்கொண்டபின், இத்துறையின் கடைத்தெரு தன் பழைய நிலையை இழந்தது. கருவாடும் தேங்காயும் மரக்கறியும் விற்று வாழும் ஊருக்கு, வெளியூர்ப் பணம் வரும் வழி ஒன்று திறக்குமெனில் அவ்வூர் வணிகர் மகிழ்வது இயல்பு. அம்மகிழ்ச்சியைத் தொலைவிலிருந்து எள்ளிநகையாடும் உரிமை நமக்கில்லை.

இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அரசு கற்பிட்டியை உல்லாசப் பயண வலயமாக வகுத்தது. கடனீரேரியையும் அதன் வாயிலையும் சார்ந்த 14 தீவுகள், ஏறத்தாழ 4,000 ஏக்கர் நிலம், பல விடுதிகள், கோல்ப் மைதானம், உள்நாட்டு விமானத் தளம் என அத்திட்டம் விரிந்தது. தீவுகள் சில குத்தகைக்கு விடப்பட்டன. மீனவர் அமைப்புகள் எதிர்த்து நின்றன. திட்டத்தின் பெரும்பகுதி வரைபடத்தைவிட்டு இன்னும் இறங்கவில்லை. எனினும் அதனை நியாயப்படுத்தக் கூறப்பட்ட வாதம் எங்கும் செல்லும் வாதமாதலின் ஆராயத்தக்கது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி வரும், இளைஞருக்குத் தொழில் கிட்டும், கடைத்தெரு மீண்டும் தழைக்கும். இவற்றோடு ஒப்பிடுங்கால் சில நூறு மீனவர் இடம்பெயர்வது சிற்றிழப்பே என்பது அவ்வாதம்.

இதற்குப் பொருளியலார் தந்த செம்மையான வடிவம் ஒன்றுண்டு. ஒரு மாற்றத்தால் நயம்பெற்றோர், நட்டமுற்றோருக்கு முழுமையாக ஈடுசெய்த பின்னரும் தம்மிடம் மிச்சம் வைத்திருக்கக்கூடுமாயின் அம்மாற்றம் முன்னேற்றமே என்று கால்டோரும் ஹிக்சும் 1939 இல் வகுத்தனர். (1950 களின் பிற்பகுதியில் இலங்கையின் திட்டமிடலுக்குக் கருத்துரைக்க அழைக்கப்பட்ட பொருளியலாளர் வரிசையில் இவ்விருவரும் இருந்தனர் என்பதை இங்கு நினைத்துப் பார்க்கலாம்.) இவ்விதியில் உயிர்நாடியான சொல் 'கூடும்' என்பதாகும். ஈடு செய்யக்கூடினாற் போதும், செய்யவேண்டும் என்பதில்லை. உண்மையில் ஈடுசெய்யப்படின் எவரும் நட்டமுற்றார் அல்லர் ஆதலின் இவ்விதியே தேவையற்றதாகின்றது. செய்யப்படாவிடின், 'உனக்குத் தந்திருக்கலாம்' என்ற செய்தி நட்டமுற்றவனுக்கு என்ன ஆறுதலைத் தரும்? அமர்த்தியா சென் இவ்விடரைத் தெளிவுறக் காட்டியவருள் ஒருவர். பிறர் பெற்ற இலாபத்தை ஒருவனது இழப்பின்மேல் எழுதிக் கணக்கை நேர்செய்யும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே என் துணிபு. கற்பிட்டியில் இவ்விடர் மேலும் இருவகையாற் கடுமையுறுகின்றது.

முதலாவது, இழப்பவர் யாவர் என்பதே ஏட்டில் இல்லை. பத்தலங்குண்டு முதலிய தீவுகளுக்குப் பருவந்தோறும் சிலாபம், நீர்கொழும்புப் பகுதிகளிலிருந்து மீனவர் குடும்பங்கள் பெயர்ந்து வந்து, வாடி அமைத்துத் தங்கி, மீன் பிடித்துக் கருவாடு போட்டு மீள்வது நெடுங்கால வழக்கு. கிடுகால் வேய்ந்த வாடிக்கு உறுதி இல்லை, நிலம் அரசுக்குரியது. நில அளவையாளர் வாடி ஒழிந்த மாதங்களில் வரின் அவர் காண்பது வெற்று மணல். காணிப் பதிவேட்டில் அது ஆட்சியற்ற நிலம். பயன்வழிவாதி தன் தராசை எவ்வளவு நேர்மையாகப் பிடித்தாலும், தட்டில் ஏற்றப்படாத பொருளுக்கு நிறை இராது. பல தலைமுறைப் பயில்வு ஓர் உரிமையா, அன்றி அரசின் பொறுமையால் நீடித்த சலுகையா என்பதை முதலில் தீர்த்தாலன்றி நட்டஈடு பற்றிய பேச்சே எழாது. பயில்வால் ஒருவன் வாழ்க்கை அமைந்துவிட்டபின், அதனை அமைய விட்டவருக்கும் அதன்பாற் பொறுப்பு உண்டு. உறுதி இல்லை என்ற ஒரு சொல்லால் அப்பொறுப்பு அற்றுப்போகாது.

இரண்டாவது, இழப்பின் தன்மை. கரைவலைக்குக் கடல் மட்டும் போதாது, கரையும் வேண்டும். வலையை வளைத்துப் போட்டு இருபுறமும் ஆட்கள் நின்று இழுப்பதற்குத் தடையற்ற மணற்பரப்புத் தேவை. அதனைப் பாடு என்பர். உடப்பிலே அம்பாப் பாடலோடு நிகழும் இவ்வேலையைக் கண்டோர் இதனை அறிவர். ஒரு பாட்டை இழந்தவன் அடுத்த பாட்டுக்குப் பெயரவியலாது, அது வேறொருவருடையது. மேற்குக் கடல் அடங்கியிருக்கும் நவம்பர் முதல் ஏப்பிரல் வரையான மாதங்களே கரைவலைக்கும் ஏற்றவை, உல்லாசப் பயணிகளுக்கும் ஏற்றவை. ஒரே மணலை ஒரே பருவத்தில் இருவர் வேண்டுகின்றனர். காசோலை கொண்டு கடலோரத்தில் மற்றொரு பாட்டை வாங்க இயலாது. பாடு ஒன்று மறையும்போது சம்மாட்டி, வலை இழுப்போர், கருவாடு உலர்த்தும் பெண்கள் ஆகியோரின் கூட்டும் கலைந்துபோகின்றது. ஆளுக்கு இவ்வளவு என்று பகிரப்படும் பணம் அக்கூட்டுக்கு ஈடாகாது.

இவற்றைக் கூறுங்கால் எதிர்வாதம் ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. மீனவர் வறுமையை மரபென்று போற்றி, அவர் மக்கள் வேறு தொழில் நாடுவதைப் புறத்தார் தடுத்தல் தீது. ஓங்கில் பார்க்க வருவோரைப் படகேற்றிச் செல்லும் மீனவர் இன்று கற்பிட்டியில் உளர். பட்டச் சறுக்கலுக்கு வரும் வெளிநாட்டு இளைஞரை நம்பிக் கண்டக்குழிப் பக்கத்தில் சிறு தங்குமிடங்கள் தோன்றியுள்ளன. ஆகவே விடுதி வேண்டுமா வேண்டாமா என வினவுவது வினாவையே பிழைபடுத்துவதாகும். சிறு தங்குமிடத்தில் உறைபவன் சோறுண்ணவும் தேநீர் அருந்தவும் கடைத்தெருவுக்கு வருகின்றான். தீவு முழுவதையும் வளைத்து, உணவும் களியாட்டும் மதிலுக்குள்ளேயே வழங்கி, கொள்முதலைக் கொழும்பில் நடத்தும் விடுதிக்கு வருபவனை அக்கடைத்தெரு காண்பதேயில்லை. எந்தக் கடைத்தெருவின் பெயரால் திட்டம் முன்வைக்கப்பட்டதோ அதனையே புறந்தள்ளும் அமைப்பு இது.

பொதுநலம் என்ற சொல்லையும் சிறிது உரைத்துப் பார்த்தல் வேண்டும். நுரைச்சோலை அனல்மின் நிலையமும் இதே குடாநாட்டு மக்களைப் பாதித்தது. ஆயின் 2011 இற் தொடங்கிய அதன் மின்சாரம் நாடு முழுவதற்கும் பொதுவாய்ச் செல்கின்றது. விடுதியின் இலாபம் முதலில் உரிமையாளரைச் சேர்கின்றது. பிறருக்கு அதன் வழியே சில துளிகள் கசியலாம். இவ்விரண்டையும் ஒரே சொல்லாற் குறித்தல் தகாது. பொதுத்தேவைக்கென அரசு எடுத்த பத்தரமுல்லைக் காணியில் தனியார் கோல்ப் மைதானம் அமைந்த வழக்கில், 2008 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கி, பொதுச்சொத்தை ஆள்வோர் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பாளரே என வலியுறுத்தியது. கற்பிட்டித் தீவுகளின் மணலும் அத்தகைய பொதுச்சொத்தே.

எனவே கற்பிட்டியில் விடுதி எழுதல் தகும் என்போர், அதற்குமுன் செய்யவேண்டுவன சில உள. வாடி போடும் பருவத்திலேயே சென்று எல்லாக் குடும்பங்களையும் பெயர்ப்பதிவு செய்தல் வேண்டும். 'கூடும்' என்பதை நீக்கி, ஈட்டைக் கட்டிடவேலைக்கு முன்னரே செலுத்துதல் வேண்டும். பாடுகளையும் கடலுக்குச் செல்லும் வழிகளையும் குத்தகைப் பத்திரத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்தி, எந்த மாதத்தில் எந்த மணல் வலைக்கு, எது பயணிக்கு என்பதை மீனவரோடு அமர்ந்து எழுதி ஒப்பமிடுதல் வேண்டும். இவற்றுக்கு இசையும் முதலீட்டாளர் வாரார் என்று கூறப்படுமாயின், அவர் கணக்கில் இதுகாறும் இலாபமாய் நின்ற தொகையுள் எவ்வளவு மீனவருடையது என்பது அப்பொழுதே தெரியவரும்.