பங்கு போகும் திரிபோஷா

இலங்கையில் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் 1973 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் சத்துமா திரிபோஷா. சோளம், சோயா, பால்மா ஆகியவற்றோடு விற்றமின்களும் கனியுப்புகளும் சேர்ந்தது. கர்ப்பிணிக்குக் கர்ப்பமே தகுதி. அவர் மெலிந்தவரா என்று எவரும் கேட்பதில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைக்கோ நிறை குறைந்திருக்க வேண்டும். திருகோணமலை நகரை அடுத்த பாலையூற்றிலும் மலையகத் தோட்டங்களிலும் நடைமுறை ஒன்றுதான். கிளினிக்கில் பிள்ளையை நிறுத்து, வளர்ச்சி வரைபில் புள்ளி இடுவார்கள். புள்ளி எந்த நிறப் பட்டையில் விழுகிறதோ அதைப் பொறுத்தே பொதி.

சிக்கல் பொதி வீட்டுக்குப் போன பிறகுதான் தொடங்குகிறது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒன்றுக்கு மட்டும் ஊட்டி மற்ற இரண்டையும் பார்த்திருக்கச் சொல்ல எந்தத் தாய்க்கும் மனம் வராது. தேங்காய்ப்பூவும் சீனியும் கலந்து பிடித்த உருண்டை எல்லோருக்கும் பங்காகிறது. நிறை ஏறாததற்கு அடுத்த கிளினிக்கில் தாயே பதில் சொல்லவேண்டியிருக்கிறது. அவர் செய்தது தவறா?

தவறு என்போரின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அரசின் கையிருப்பு அளவானது. மிக நலிந்த பிள்ளைக்கு முதலிடம் கொடுப்பதே நீதி. பங்கிட்டால் அந்தப் பிள்ளைக்கு உரியதில் பாதிகூட வாய்க்குப் போகாது. கடுமையாக மெலிந்த பிள்ளையின் விடயத்தில் இதற்கு மறுபேச்சே இல்லை. மேற்கைச் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த பிள்ளைக்குத் தரும் சிகிச்சை உணவு மருந்துக்குச் சமம். மருந்தை யாரும் பங்கு வைப்பதில்லை.

திரிபோஷா அப்படியல்ல, அது சாப்பாடு. 2016ஆம் ஆண்டின் நாடளாவிய ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 20.5 வீதத்தினர் நிறை குறைந்தவர்கள், 15.1 வீதத்தினர் மெலிந்தவர்கள். ஐந்தில் ஒன்று கோட்டுக்குக் கீழே என்றால், கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் பிள்ளைகளும் குறைவாக இருக்க மாட்டார்கள். அவர்களில் பலர் அதே வீட்டின் அண்ணன் தங்கையாகவே இருக்கலாம். திட்டம் வகுத்தவர்கள் எண்ண மறந்த பிள்ளைகளைத் தாய் எண்ணிப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். இன்னொரு கோணலும் உண்டு: பிள்ளை தேறினால் பொதி நிற்கும்.

தமிழ்நாட்டில் 1980இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் யாருக்கு எப்போது கொடுப்பது என்ற கேள்வியை வேறு விதமாகக் கையாண்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளை மாதந்தோறும் நிறுத்து, நிறை ஏறாமல் தடுமாறும்போதே 90 நாள் உணவு கொடுத்தார்கள். பிள்ளை விழுந்துகிடக்கும்வரை அது காத்திருக்கவில்லை. 1982இல் எம்.ஜி.ஆர். அரசு கொண்டுவந்த சத்துணவுத் திட்டமோ நிறையே பார்க்கவில்லை. பந்தியில் உட்கார்ந்த பிள்ளைக்குச் சாப்பாடு. அங்கே பங்கிடும் கேள்வி எழவே இடமில்லை.

எல்லோருக்கும் கொடுப்பது வீண் செலவு என்ற ஆட்சேபம் இலங்கைக்குப் பழையது. போர்க்காலத்தில், 1942இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு 1978இல் வறிய பாதிக்கு மட்டும் என்று சுருங்கியது. 1979இல் உணவு முத்திரையாக மாறியது. விலைவாசி ஏறியபோது முத்திரையின் பெறுமதி ஏறவில்லை. சில ஆண்டுகளில் அதனால் வாங்கக்கூடியது தேய்ந்துபோனது. வசதியுள்ளவர் வரிசையில் நிற்காத திட்டத்துக்காகக் குரல் கொடுக்க ஆள் குறைவு. சிக்கனமாகத் தோன்றிய மாற்றம் வறியவருக்கே அதிகம் செலவு வைத்தது.

2022 நெருக்கடியில் தரமான சோளம் கிடைக்காமல் சிறு பிள்ளைகளுக்கான திரிபோஷா தடைப்பட்டது. உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டிய ஆண்டு அது. மீன்பிடித் துறைமுகத்தை அண்டிய ஊரிலும் கூலித் தொழிலாளி வீட்டில் மீன் வாங்குவது கணக்குப் பார்த்தே. அத்தகைய வேளையில் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரைக்குமாவது, கர்ப்பிணிக்குப் போலவே, நிறை பாராமல் கொடுப்பது மிகையான கோரிக்கையல்ல. உயரம் குன்றுவது பெரும்பாலும் அந்த வயதுக்குள்தான் நடக்கிறது. பின்னால் ஊட்டி அதை முழுதாக ஈடுசெய்வது அரிது. இப்படி நிறை பாராமல் கொடுக்க ஆகும் பணத்தைத் திறைசேரி கணக்கிடும்போது, வளர்ச்சி குன்றிய பிள்ளையின் படிப்பிலும் பிற்காலச் சம்பாத்தியத்திலும் ஏற்படும் இழப்பையும் அதே ஏட்டில் எழுதவேண்டியிருக்கும்.