தொட்டுப் பார்க்காத வீக்கம்

குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது. எலும்பு, தசைநாண், தோல், அவ்வளவுதான். நானூறு ஐந்நூறு கிலோ உடம்பைத் தாங்கும் அந்தக் காலுக்குள் இறங்கிய இரத்தம் எளிதில் மேலே ஏற வேண்டுமானால் குளம்பு நிலத்தில் பதிந்து எழ வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் குளம்பின் அடியிலுள்ள மெத்தென்ற பகுதி அமுங்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. குதிரை நின்றால் அந்த வேலையும் நின்றுபோகிறது.

எங்கள் புத்தூர்ப் பக்கத்தில் நமக்குப் பழக்கமான குதிரை கோயில் வாகனம். வேட்டைத் திருவிழாவன்று சாமியைச் சுமந்து வெளிக்கிடும். பிறகு வாகனசாலைக்குள் போய் அடுத்த திருவிழா மட்டும் நிற்கும். மரக்கால் வீங்காது. உயிருள்ள சவாரிக் குதிரையோ ஓர் இரவு முழுக்க லாயத்தில் நின்றாலே போதும், பின்னங்கால்கள் இரண்டும் திரண்டுவிடலாம். விரலால் அழுத்தினால் குழி விழும், மெல்லத்தான் நிரம்பும். சூடும் இராது, நோவும் இராது. கயிற்றைப் பிடித்துக் கால் மணி நேரம் நடத்தினால் வற்றத் தொடங்கும். வேலையில்லாத நாளில் தானியத்தைக் குறைத்து வெளியில் அவிழ்த்துவிட்டால் பெரும்பாலும் வராது. துணி சுற்றுவதானால் பஞ்சு வைத்து ஒரே சீராகச் சுற்ற வேண்டும். இறுக்கிக் கட்டினால் தசைநாண் கெடும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சுட்டு, குதிரை அதை ஊன்ற மறுத்தால் சங்கதி வேறு. தசைநாண் கிழிந்திருக்கலாம், சின்னக் காயத்துக்குள்ளால் கிருமி ஏறியிருக்கலாம். அதை நடத்துவது கொடுமை. இருபது நிமிடம் குளிர்ந்த தண்ணீரைக் காலில் ஓடவிட்டு, மிருக வைத்தியரைக் கூப்பிட வேண்டும்.

முதல் வீக்கத்துக்கு மருந்தான நடை இரண்டாவதற்குக் கேடாகலாம். எட்டத்தில் நிற்பவனுக்கு இரண்டும் வீக்கந்தான். குனிந்து, ஒரு காலைத் தொட்டு, மற்றக் காலையும் தொட்டுப் பார்த்தவனுக்கே வேறுபாடு தெரியும்.

நின்றால் வீங்குமென்றால், குதிரையை லாயத்தில் கட்டாமலே விட்டுவிட்டால் என்ன? நெடுந்தீவைப் பார்க்கலாம். அந்நியர் ஆட்சிக்காலத்தில் கொண்டுவந்து வளர்த்த குதிரைகளின் சந்ததி அங்கே இன்றும் புல்வெளியில் மேய்கிறது. அந்நாளைய லாயத்தில் இடிந்த தூண்களே மிச்சம். கட்டுவாரில்லை, நாள் முழுக்க நடை. ஆனால் வறட்சி வந்தால் அவை தண்ணீரில்லாமல் மடிகின்றன. நடை வீக்கத்தை வற்ற வைக்கும், தாகத்தைத் தீர்க்காது. கட்டி வைப்பதைப் போலவே அவிழ்த்துவிட்டு மறப்பதும் பராமரிப்பில்லை.

இதைக் குதிரைக்கு மட்டும் சொல்லவில்லை. எங்கள் ஊர்களில் எத்தனை வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையும் அதில் ஒரு தாயும்! கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பிள்ளைகள் தொலைபேசி எடுத்து, "அம்மா, ஒரு வேலையும் செய்யாதேங்கோ, சும்மா இருங்கோ" என்கிறார்கள். சொல்வது பாசந்தான். தோட்டத்துக்கும் கிணற்றடிக்கும் நடந்து பழகிய கால்கள் அந்தப் பாசத்தில் தொங்கிக்கொண்டே இருக்கின்றன. பின்னேரம் கணுக்கால் வீங்குகிறது. தொலைபேசியில் முகம் தெரிகிறது, கால் தெரிவதில்லை. கேட்டால், "எனக்கென்ன மோனை, நல்லாய் இருக்கிறன்" என்பார்.

மனிதக் கால் வீக்கத்துக்கு இருதயமும் சிறுநீரகமும்கூடக் காரணமாகலாம். வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நொந்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆனால் அதைக் கண்டு சொல்லப் பக்கத்தில் ஆள் வேண்டுமே?

இரு என்பதும் நட என்பதும் வாயால் சொல்லிவிடக்கூடியவை. எதைச் சொல்வதென்று கைக்குத்தான் தெரியும். காசு அனுப்பினால் நல்ல கதிரை வந்துவிடும். காலைத் தொட்டுப் பார்க்க ஆள் வராது. பக்கத்து வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை சுகம் கேட்டுவிட்டுத் திரும்பாமல் குனிந்து அவருடைய இரண்டு கால்களையும் பாருங்கள். நடக்கக்கூடியவர் என்றால் கையைப் பிடித்துப் படலை மட்டும் நடத்திக் கூட்டி வாருங்கள்.