எதிரே வருகிறவர் யார்?

ராத்திரி பதினோரு மணி. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற சாலை. நீங்கள் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்துகொண்டிருக்கிறீர்கள். எதிரே ஒரு ஜீப். பம்பரில் இரண்டு, கூரையில் நான்கு என்று ஆறு விளக்குகள் எரிகின்றன. உங்கள் கண்ணுக்கு முதலில் எல்லாமே வெள்ளை. ஜீப் கடந்து போனதும் எல்லாமே கறுப்பு. அந்தக் கறுப்பில்தான் மாடு நிற்கும், பள்ளம் இருக்கும், விளக்கில்லாத சைக்கிளில் ஒருவர் போய்க்கொண்டிருப்பார்.

கேள்வி இதுதான். முன்பின் தெரியாத, இனி வாழ்நாளில் சந்திக்கவே போகாத உங்களுக்கு அந்த ஜீப்காரர் ஏதாவது கடன்பட்டிருக்கிறாரா?

ஜீப்காரரை உடனே வில்லனாக்க வேண்டாம். பழைய எம்எம் 540, மாருதி ஜிப்ஸி, தார் என்று ஒரு வண்டியைப் பிடித்து, பெரிய டயர் போட்டு, சனி ஞாயிறுகளில் சேற்றிலும் பாறையிலும் ஓட்டுவது ஒரு பொழுதுபோக்கு. நல்ல பொழுதுபோக்குதான். தெருவிளக்கே இல்லாத காட்டுப் பாதையில் கம்பெனி ஹெட்லைட் போதாது. பக்கத்திலிருக்கும் பள்ளம் தெரியாது. கூடுதல் விளக்கு அங்கே அவசியம். 2018-ல் கேரளாவில் வெள்ளம் வந்தபோது, அதுவரை 'சட்டவிரோத வண்டி' என்று திட்டு வாங்கிய இதே மாதிரி ஜீப்கள்தான் தண்ணீருக்குள் இறங்கி ஆட்களை மீட்டன. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தவர்கள், உயரமான ஒரு வண்டியின் அருமையை மறுக்க மாட்டார்கள்.

ஆக, தகராறு விளக்கோடு இல்லை. வயரோடு!

கொஞ்சம் எலெக்ட்ரிக்கல் பேசுவோம், பயப்படாதீர்கள். 55 வாட்ஸ் ஹாலோஜன் விளக்கு இரண்டு போட்டால் 110 வாட்ஸ். 12 வோல்ட் பேட்டரியில் அது ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை டாஷ்போர்டில் உள்ள சின்ன சுவிட்ச் வழியாக நேரே விட்டால் சுவிட்ச் சூடாகி உருகும். வயர் மெலிசாக இருந்தால் தீயே பிடிக்கலாம். அதனால் நடுவில் ரிலே என்று ஒரு சின்ன டப்பா வைப்பார்கள். அதற்கு 30, 87, 85, 86 என்று நான்கு கால்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30-க்குக் கரன்ட் வரும். 87-லிருந்து விளக்குக்குப் போகும். 85-ஐ பாடி எர்த்தில் கொடுப்பார்கள். 86-க்கு ஒரு சின்ன கரன்ட் வந்தால் போதும், உள்ளே காயில் காந்தமாகிப் பெரிய கரன்ட்டைத் திறந்துவிடும். பெரிய அதிகாரியின் கையெழுத்தைச் சின்ன குமாஸ்தா வாங்கித் தருவதுபோல.

அந்த 86-க்கு வரும் சின்ன கரன்ட்டை எங்கிருந்து எடுப்பது?

இங்கேதான் மெக்கானிக் கேட்பார்: "தம்பி, தனி சுவிட்ச் போடட்டுமா, பிரைட் வயர்ல குடுத்துடட்டுமா?"

பிரைட் வயரில் கொடுத்தால், நீங்கள் டிம் பண்ணியதுமே கூடுதல் விளக்கும் அணைந்துவிடும். ஒரே விரல் அசைவு. பேட்டரியிலிருந்தே தனி சுவிட்ச் என்றால், எதிரே வண்டி வரும்போது ஹெட்லைட்டை டிம் பண்ண வேண்டும், இன்னொரு சுவிட்சையும் தேடி அணைக்க வேண்டும், கடந்த பிறகு மறுபடி போட வேண்டும். நூறு வண்டி எதிரே வந்தால் நூறு தடவை. எந்த மகாத்மா செய்வார்? "தனி சுவிட்சே இருக்கட்டும்ணே, எப்ப வேணா போட்டுக்கலாம்" என்கிற பையன் கெட்டவன் இல்லை. ஆனால் எதிரே வரும் நூறு பேரின் கண்ணைத் தன் ஞாபகசக்தியிடமும் அன்றைய மூடிடமும் ஒப்படைத்துவிட்டான்.

பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் ஒரு கதை வருகிறது. லிடியா நாட்டு இடையன் ஒருவனுக்கு மாய மோதிரம் கிடைக்கிறது. திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டான். விளைவு? ராணியை வளைத்து, ராஜாவைக் கொன்று, சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிடுகிறான். யாரும் பார்க்கவில்லை என்றால் மனிதன் யோக்கியனாக இருப்பானா என்பதுதான் கேள்வி. நாலாயிரம் ரூபாய் விளக்கு இன்று அதே வேலையைச் செய்கிறது. அதன் பின்னால் இருப்பவர் முகம் தெரியாது, நம்பர் பிளேட் தெரியாது. கண் கூசியவர் திட்டுவதற்குள் ஐம்பது மீட்டர் தாண்டியிருப்பார்.

ஐம்பது மீட்டர் என்று சும்மா சொல்லவில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. கூசிய கண் தெளிய மூன்று விநாடி ஆனால் 50 மீட்டர் குருட்டுப் பயணம். வயது கூடக்கூட இந்த நேரமும் கூடும். தாம்பரம் சானடோரியம் மெப்ஸில் ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்புகிற ஐம்பது வயதுக்காரருக்கு இருபது வயதுப் பையனின் கண் கிடையாது.

நான் காமர்ஸ் படித்தவன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், ஒவ்வொரு வரவுக்கும் எங்கோ ஒரு பற்று உண்டு. எனக்கு வெளிச்சம் வரவு என்றால் அந்தப் பற்று யார் கணக்கில்? எதிரே வருபவர் கணக்கில். அவரைக் கேட்காமலே எழுதிவிடுகிறோம். அவரும் சும்மா இருக்க மாட்டார். 'நீ ஆறு போட்டா நான் எட்டு போடறேன்' என்பார். கடைசியில் இருவருக்குமே சாலை தெரியாது. 'எல்லோரும் இதையே செய்தால் என்னாகும்?' என்று கேட்டுப் பார்க்கச் சொன்ன ஜெர்மன் தத்துவஞானி கான்ட், ஹெட்லைட்டைப் பார்க்காமலே இதைப் புரிந்துவைத்திருந்தார்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. ஆனால் கம்பெனி கொடுத்த ஹெட்லைட்டையே டிம் பண்ணாமல் வந்தாலும் கண் கூசத்தான் செய்யும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு போலீஸ்காரரை நிறுத்த முடியாது. நெடுஞ்சாலை நடுத்திட்டில் அரளிச் செடி வளர்ப்பதுகூட அழகுக்கு மட்டுமல்ல, எதிர் வெளிச்சத்தை மறைக்கவும்தான். முடிச்சூர், அகரம்தென் பக்கத்து உள்சாலைகளில் பல இடங்களில் நடுத்திட்டே கிடையாது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். 'வயர் அணைக்கிறது, நான் அணைக்கவில்லை. இதில் என் நல்ல குணம் எங்கே இருக்கிறது?'

முதலில், டிம் பண்ண வேண்டியது அப்போதும் உங்கள் விரல்தான். வயர் அந்த வேலையைப் பாதியாக்குகிறது, அவ்வளவுதான். இரண்டாவது, நல்ல குணம் என்பது ராத்திரி பதினோரு மணிக்கு, களைப்பிலும் அவசரத்திலும் பிறக்க வேண்டும் என்று யார் சொன்னது? பகல் வெளிச்சத்தில், ஒர்க்‌ஷாப்பில் டீ குடித்துக்கொண்டே, தன் பலவீனம் தெரிந்து, 'பிரைட் வயர்லயே குடுத்துடுங்கண்ணே, கூரை விளக்குக்கு ரோட்டுல உறை மாட்டிக்கிறேன்' என்று சொல்கிறாரே, அந்த நிமிடத்தில்தான் அவர் நல்லவராகிறார். சம்பளம் வந்ததுமே சேமிப்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறவர், ஸ்வீட் டப்பாவை வீட்டில் வாங்கியே வைக்காத சர்க்கரை நோயாளி எல்லோரும் இந்த ஜாதிதான். தன் மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்காததும் ஒழுக்கத்தில் ஒரு பகுதி.

கடன் பற்றிக் கேட்டேன் அல்லவா? என் பதில், உண்டு. முகம் தெரிந்தவருக்குச் செய்வதில் மரியாதை, நன்றி, பதிலுக்குக் கிடைக்கும் மொய் எல்லாம் கலந்திருக்கும். இருட்டில் எதிரே வருபவருக்கு டிம் பண்ணுவதில் எதுவுமே கலப்படம் இல்லை. அவர் நன்றி சொல்லப்போவதில்லை. நீங்கள் யாரென்றே அவருக்குத் தெரியப்போவதில்லை. அவர் பத்திரமாக வீட்டுக்குப் போய்ச் சேருவார், அவ்வளவுதான்.

ஜீப் இல்லாதவர்கள் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இன்று ராத்திரி உங்கள் ஸ்கூட்டரின் டிம் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.